தையல் சிஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும்: கோபக்காரி என்று போடலாமா?

தாண்டவன்வெளித் தையல்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தாண்டவன்வெளியில் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். பில் புத்தகத்தில் அளவு எழுதுவதைத் தவிர எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

எங்களுக்குத் தையல் படிப்பித்த சிஸ்டர் போன மாதம் காலமாகிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று மடத்தில் கேட்டுக்கொண்டார்கள். மட்டக்களப்பில் "தையல் சிஸ்டர்" என்றாலே தெரிந்தவர்களுக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறார்கள். அதில் பழைய மாணவிகள் சார்பில் ஒரு பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. என்னால் ஏலாது என்றேன், கேட்டால்தானே.

மடத்தில் ஒரு தாள் தந்தார்கள். பிறந்த ஊர், சபையில் சேர்ந்தது, முதல் வார்த்தைப்பாடு (துறவிகள் கொடுக்கும் வாக்கு), நித்திய வார்த்தைப்பாடு, பிறகு எந்தெந்த மடத்தில் எந்த வருடம் என்று ஒரு வரிசை. வாசித்தால் ஒரு அரசாங்க உத்தியோகத்தரின் இடமாற்றப் பட்டியல் மாதிரி இருக்கிறது. மலர்க் குழுவில் இருக்கிற ஒரு அண்ணன் மாதிரிக்கு என்று வேறொரு மலரைக் கொண்டுவந்து தந்தார். அதில் "மெழுகுதிரியாய் உருகியவர்", "சாந்தத்தின் வடிவம்", "புன்னகை மாறாத முகம்". எங்கள் சிஸ்டருக்குப் புன்னகை மாறாத முகம் என்று நான் எழுதினால் அவரிடம் படித்த ஒருத்தி பாக்கியில்லாமல் பூசையிலேயே சிரித்துவிடுவாள்.

அவர் கோபக்காரி. சும்மா கோபம் இல்லை. தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். சட்டையை உள்பக்கமாகப் புரட்டி, யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, மூட்டுத் தையலை விரலால் தடவிக்கொண்டே போவார். ஒரு இடத்தில் விரல் நிற்கும். "என்ன புள்ள இது, பாம்பு போன வழியா?" என்பார். கழுத்துச் சங்கிலியோடு ஒரு சட்டைப்பின் எப்போதும் கொழுவியிருக்கும். அதைக் கழற்றி, அந்த இடத்திலிருந்து அல்ல, தொடக்கத்திலிருந்தே பிரித்துவிடுவார். முழுவதையும். அழுதாலும் பிரிப்பார். "உடுத்திறவளுக்கு உள்ளுக்குத்தான் குத்தும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே காரணம். இன்றைக்கும் என் கடையில் ஒரு சட்டை முடிந்தால் நான் முதலில் உள்பக்கத்தைத்தான் புரட்டுகிறேன். என்னிடம் வேலை பழகும் பிள்ளைகள் என்னைப் பற்றி வீட்டில் போய் என்ன சொல்கிறார்களோ தெரியாது.

சுனாமிக் கதையை எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாவலடி, டச்பார், கல்லடி திருச்செந்தூர்ப் பக்கம் எல்லாம் ஒரே வெளியாகக் கிடந்தது. முதல் நாட்களில் சிஸ்டரும் மற்றவர்களைப் போல முகாம்களில் பாய், சோறு, துணி என்று ஓடினார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி வேறு யாருக்கும் தோன்றவில்லை: "எத்தனை பேருடைய மெசின் போச்சுது?"

கைவண்டி பிடித்து ஆட்களை அனுப்பினார். மணலுக்குள் புதைந்து கிடந்தது, வேலியில் சிக்கிக் கிடந்தது, கால் போய்த் தலை மட்டும் மிஞ்சியது என்று மெசின்கள் மடத்து விறாந்தைக்கு வந்து சேர்ந்தன. கரையோரக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. ஆகவே மடத்துக் கிணற்றில்தான் அள்ளி அள்ளி ஊற்றிக் கழுவினோம். உப்பு போகாமல் எண்ணெய் விட்டால் உள்ளே கறள் தின்றுவிடும் என்று அந்தத் தண்ணீர் விஷயத்தில் அப்படி ஒரு கண்டிப்பு. பிறகு வெயில். பிறகு பெரிய பேசினில் மண்ணெண்ணெய், அதற்குள் பொபின் கேஸ், ஷட்டில், பல்லு எல்லாவற்றையும் போட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது. கடைசியில்தான் மெசின் எண்ணெய். டச்பார் பறங்கி மாமா ஒருவர், மெக்கானிக், தன் வீட்டையே கடலுக்குக் கொடுத்தவர், அசையாமல் இறுகிப்போன சில்லுகளைத் தட்டித் தட்டி எடுத்தார். அவருக்கும் ஏச்சு விழுந்தது, மெதுவாகத் தட்டச் சொல்லி.

ஒவ்வொரு மெசினிலும் சோக்கால் சொந்தக்காரியின் பெயர். பெயர் தெரியாதது சில இருந்தன. அவற்றை ஒரு வருடம் முடியும் வரை சிஸ்டர் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் "ஆள் வருவா" என்றார். ஒன்றுக்கு மட்டும் ஆள் வந்தது.

சரி, இதுவரைக்கும் மலருக்கு நல்லது. இனி வருவதுதான் பிரச்சினை. அந்த நேரத்தில் ஒரு நிறுவனம் புது மெசின்கள் கொண்டுவந்தது. கொடுக்கும்போது பெண்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். சிஸ்டருக்கு ஏறிவிட்டது. "மெசினை வச்சிட்டுப் போங்கோ, தைக்கக்குள்ள வந்து படம் எடுங்கோ" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வந்தவர்கள் மெசினோடு திரும்பிப் போனார்கள். பிறகு வரவேயில்லை. அந்த மெசினுக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அது பெரிய இழப்பு. அவர்களில் சிலர் சிஸ்டரை மன்னிக்கவில்லை. ஒரு படம் தானே, நின்றிருப்போமே என்றார்கள். அவர்கள் சொன்னது பிழை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை.

இதை எழுத வேண்டாம் என்கிறது குழு. கோபம் என்ற சொல்லே வரக்கூடாதாம். கோபத்தை எடுத்துவிட்டால் என்னிடம் எழுத என்ன மிச்சம்? மெசினைக் கழுவியதும் அந்தக் கோபம்தான், திருப்பி அனுப்பியதும் அதேதான். உங்களில் யாராவது இப்படி நினைவு மலர் எழுதியிருந்தால் சொல்லுங்கள். அவரைத் தெரிந்தவர்கள் இருந்தால் ஏதாவது ஞாபகம் தாருங்கள். அந்தத் தாளில் இருக்கும் திகதிகளை எப்படிச் சரிபார்ப்பது என்றும் தெரியவில்லை.


மூப்பர் மகன்:

தங்கச்சி, ஆழ்ந்த அனுதாபங்கள். பங்கு மலர்கள் தொகுத்த அனுபவத்தில் சொல்கிறேன், திகதி விஷயத்தை முதலில் முடிப்போம்.

மடங்களில் நாளேடு எழுதும் பழக்கம் உண்டு. யார் வந்தார், யார் மாற்றலாகிப் போனார், கூரை ஒழுகியது, ஆயர் வந்தார் என்று எல்லாம் இருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதியிருப்பார்கள். மடத்துத் தலைவியிடம் தன்மையாகக் கேளுங்கள். கொப்பியைக் கையில் தரமாட்டார்கள், உட்காரவைத்துக் காட்டுவார்கள். சிஸ்டர் இளவயதில் இங்கே வந்தவர் என்றால் 1978 நவம்பர் 23 ஆம் திகதிப் பக்கத்தைப் பாருங்கள். சூறாவளி இரவு. மட்டக்களப்பில் கூரை தப்பிய கட்டடம் குறைவு, தென்னந்தோட்டங்கள் அடியோடு போனது உங்களுக்கும் வீட்டில் சொல்லியிருப்பார்கள். அந்த இரவை யாரும் எழுதாமல் விட்டிருக்க மாட்டார்கள்.

வார்த்தைப்பாட்டுத் திகதிகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் வார்த்தைப்பாடு தற்காலிகமானது. இப்போதைய திருச்சபைச் சட்டத்தில் அது 3 வருடத்துக்குக் குறையக்கூடாது, வழமையாக 6 வருடத்துக்கு மேலே போவதில்லை. அதற்குப் பிறகுதான் நித்திய வார்த்தைப்பாடு. வெள்ளிவிழாப் படம் கிடைத்தால் எந்தத் திகதியிலிருந்து எண்ணினார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். மலரில் ஒரு வருடம் பிசகினால் பூசை முடிந்த கையோடு நாலு பேர் வந்து சொல்வார்கள்.

மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல்தான். அதற்கு முன்னே 1893 முதல் நாங்கள் திருகோணமலையோடுதான் இருந்தோம், 1967இலிருந்து திருகோணமலை–மட்டக்களப்பு என்ற பெயரில். ஆகவே பழைய கடிதம் ஏதாவது தேடுவதானால் இரண்டு ஆயர் இல்லங்களிலும் கேட்க வேண்டிவரும்.

கோபம் பற்றி: விட்டுவிடுங்கள். மலர் என்பது கல்லறையில் பூ வைப்பதற்குச் சமம். படம் எடுக்க விடாத கதை வேண்டவே வேண்டாம்.


வாவிக்கரை:

சிஸ்டர் இறந்தது இங்கே பார்த்துத்தான் தெரியும். என் மனைவி அவரிடம் படித்தவர். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் புனிதர் பட்டம் கொடுக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஆயருக்கு ஒரு கடிதம் எழுதினால் என்ன? யோசே வாஸ் அடிகளாருக்குக் கொழும்பில் பாப்பரசரே வந்து கொடுத்தாரே.


மூப்பர் மகன்:

தம்பி, அது கடிதம் எழுதி வாங்குகிற காரியம் இல்லை. யோசே வாஸ் அடிகளார் இறந்தது 1711இல். அருளாளர் பட்டம் 1995, புனிதர் பட்டம் 2015. முந்நூறு வருடக் கதை. சாதாரணமாக ஒருவர் இறந்து 5 வருடம் கழியாமல் விசாரணையே தொடங்கக் கூடாது. அன்னை தெரேசாவுக்கு அந்தக் காத்திருப்பைப் பாப்பரசர் தளர்த்தினார், அவருக்கே 1997இலிருந்து 2016 வரை சென்றது. விசாரணை என்றால் உண்மையிலேயே விசாரணை. கடிதங்கள், குறிப்புகள் எல்லாம் சேர்ப்பார்கள். ஆளைத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கிக் கேட்பார்கள். நல்லதாகச் சொல்கிறவர்களை மட்டும் கேட்டால் செல்லாது, எதிராகச் சொல்கிறவர்களையும் கேட்க வேண்டும் என்பது விதி.


தாண்டவன்வெளித் தையல்காரி:

அண்ணே, உங்கள் கடைசி வரியை நான் குழுவுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். ரோமாபுரியிலேயே எதிர்ச்சாட்சி கேட்கிறார்கள் என்றால் தாண்டவன்வெளியில் ஏன் கூடாது?

நாளேடு விஷயத்துக்குப் பெரிய நன்றி. நாளைக்கே போகிறேன்.


மருதமுனைத் தறிக்காரி:

அனைவருக்கும் ஸலாம். சிஸ்டர் கல்முனை மடத்தில் இருந்த காலத்தில் அவரிடம் தைக்கப் பழகியவள் நான். எங்கள் வீட்டில் தறி. மருதமுனையில் யார் வீட்டில்தான் இல்லை? வாப்பா சாரம் நெய்தார், உம்மா நூல் சுற்றினார். தையலுக்கு மடத்துக்கு அனுப்ப வாப்பாவுக்கு விருப்பமில்லை. ஆட்கள் என்ன சொல்வார்களோ என்ற யோசனை.

சிஸ்டர் வீட்டுக்கே வந்தார். வாப்பாவோடு தையலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தறிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, பாவு எப்படிப் பூட்டுகிறது, சாயம் ஏன் போகிறது, ஒரு சாரத்துக்கு எத்தனை நாள் என்று விசாரித்தார். பிறகு நெய்து வைத்திருந்த சாரம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓரம் இழுத்திருக்கிறது என்றார். வாப்பாவின் முகம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். உம்மா உள்ளே போய்விட்டார். வாப்பா சாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓம், இழுத்துத்தான் இரிக்கி" என்றார். அடுத்த கிழமை என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் மடத்து வாசலில் இறக்கிவிட்டது வாப்பாதான்.

90இல் சண்டை தொடங்கியதும் எல்லாம் போய்விட்டது. அந்த வருடம் இரண்டு பக்கமும் என்னென்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் எழுத நான் விரும்பவில்லை, எல்லோர் வீட்டிலும் சாவு. அதற்குள் சிஸ்டருக்கும் மட்டக்களப்புக்கு மாற்றம். போக்குவரத்துச் சரியான பிறகு ஒருநாள் பஸ் கொண்டக்டர் ஒருவர் எங்கள் கடைக்கு முன்னால் இறங்கி ஒரு சுருள் தந்தார். சீமெந்துப் பை பேப்பரில் வெட்டிய கட்டிங். பள்ளிக்கூடச் சட்டை, கவுன், எங்கள் பிள்ளைகளுக்கான நீளச் சட்டை, ஒவ்வொன்றும் மூன்று அளவில். கடிதம் இல்லை. ஒவ்வொரு துண்டின் மூலையிலும் பென்சிலால் கணக்கு, ஒரு துண்டில் மட்டும் "முன்னைப் போல் தோளைக் குறைக்காதே" என்று. நான் தோளைக் குறைத்து வெட்டுகிறவள் என்பது அவருக்கு அத்தனை வருடத்துக்குப் பிறகும் ஞாபகம்.

கோபத்தை எழுதுங்கள் தங்கச்சி. இல்லாவிட்டால் அது வேறு யாரோ சிஸ்டர் என்று நினைப்பேன்.


படுவான்கரையான்:

இப்போது டொரன்டோவில் இருக்கிறேன். சொந்த இடம் கொக்கட்டிச்சோலைப் பக்கம். தையலுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஆனால் சிஸ்டர் எங்கள் பக்கம் வகுப்பு நடத்த வந்த காலத்தில் அவருடைய பையைத் தூக்கியது நான்தான்.

தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்முனையில் பாலம் வந்தது 2014இல். அதற்கு முன்னே வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைப் படகுதான், வாகனமும் ஆட்களும் மாடும் எல்லாம் ஒன்றாக ஏறுவோம். 2007 வரைக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரை புலிகள் இயக்கத்தின் கையில், கிழக்கே எழுவான்கரை ஆமியின் கையில். நடுவில் செக்பொயின்ற். துணி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலே ஆயிரம் கேள்வி.

ஒருநாள் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். உள்ளே அந்தச் சீமெந்துப் பேப்பர் சுருள்கள்தான். விரித்த சிப்பாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோடு, வளைவு, அம்புக்குறி, இலக்கம், அங்கங்கே புள்ளி. வரைபடம் என்று நினைத்துவிட்டான். பெரியவனைக் கூப்பிட்டான். எனக்குக் கால் நடுங்குகிறது, அந்த வயதுப் பொடியன் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. சிஸ்டர் ஒரு துண்டை எடுத்தார், அந்தச் சிப்பாயின் நெஞ்சில் நேரே கொண்டுபோய் வைத்தார். இன்னொரு துண்டு முதுகில். கையை ஒன்றை அவனுடைய தோளோடு பிடித்துக் காட்டினார். தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் "கமீஸய, கமீஸய" என்றார். சட்டையாம். பக்கத்தில் நின்றவன் சிரித்துவிட்டான். பெரியவன் சிரிக்கவில்லை. ஆனாலும் விட்டான், பின்னேரம்தான் விட்டான். பாதை போய்விட்டது.

திரும்பி நடக்கும்போது ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன். பேப்பரை ஒழுங்காகச் சுற்றத் தெரியாதா, கசங்கிப்போயிற்று பார், இதை இனி நான் எப்படி வெட்டுவது என்று கல்லடி வரைக்கும் எனக்கு ஏச்சு.

செலவுக்குக் காசு ஏதாவது தேவையென்றால் சொல்லுங்கோ.


ஆரையம்பதிப் பிள்ளை:

எல்லோரும் சிரித்துச் சிரித்து எழுதுகிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்லப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

என் அக்கா அந்த வகுப்பில் இருந்தவர். நன்றாகத் தைக்கக்கூடியவர். ஒருநாள் ஓடர் துணி ஒன்றில் கழுத்தைப் பிழையாக வெட்டிவிட்டார். எல்லோர் முன்னிலையிலும் சிஸ்டர் அந்தத் துணியைத் தூக்கிக் காட்டி, இதுக்குக் கத்தரிக்கோல் தேவையில்லை, மாட்டுக்குப் போட்டிருக்கலாம் என்றாராம். அக்கா அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர்தான். திரும்பிப் போகவில்லை. இன்றைக்கும் பொத்தான் தைப்பதென்றால் என்னைத்தான் கூப்பிடுவார். அப்போது எங்களுடையது சாப்பாட்டுக்கு இல்லாத வீடு, அப்பா இல்லை, அந்தத் தையல் காசு வேண்டியிருந்தது. பிறகு அக்கா மத்திய கிழக்குக்குப் போய்த்தான் எங்களைப் பார்த்தார்.

சிஸ்டர் செய்த நல்லதை நான் மறுக்கவில்லை. கோபத்தை எழுதுவதென்றால் அதை வேடிக்கையாக மட்டும் எழுதாதீர்கள். வாங்கினவர்களும் இருக்கிறோம்.


மூப்பர் மகன்:

இதற்காகத்தான் தங்கச்சி நான் வேண்டாம் என்றேன்.


தாண்டவன்வெளித் தையல்காரி:

அண்ணே, இதற்காகத்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சரி, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மடத்துக்குப் போனேன். நாளேட்டைக் காட்டினார்கள். ஆங்கிலம், கையெழுத்து வேறு ஒரு திணுசு, இளைய சிஸ்டர் ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சொன்னார். மாற்றல் திகதி ஒன்று அந்தத் தாளில் பிழையாக இருந்தது, திருத்திவிட்டார்கள். சூறாவளி இரவுக்கு நாலு வரி இருக்கிறது. கூரை போனது, கோயில் மண்டபத்தில் ஆட்களைத் தங்கவைத்தது, கடைசியில் புதிதாக வந்த சிஸ்டர் ஈரத்துணிகளை எண்ணிக் கணக்கு வைத்தார் என்று. அது எங்கள் ஆள்தான்.

அப்புறம் தையல் அறை அலுமாரியில் ஒரு கொப்பி கிடைத்தது. கடை ஓடர் தைத்த பிள்ளைகளின் கூலிக் கணக்கு. பெயர், எத்தனை துண்டு, எவ்வளவு காசு, அதற்குப் பக்கத்தில் "பழுது – கழிவு" என்று ஒரு நிரல். துணி பழுதாக்கினால் கூலியில் வெட்டுவேன் என்று அவர் எங்களை வெருட்டாத நாள் இல்லை. அந்த நிரலில் நீலப் பேனையால் தொகை எழுதியிருக்கிறது. பிறகு சிவப்புப் பேனையால் வெட்டியிருக்கிறது. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வெட்டாமல் விட்ட ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. என் பெயருக்கு நேரேயும் மூன்று இடத்தில் இருக்கிறது. அந்தப் பணத்தை எங்கிருந்து சரிக்கட்டினார் என்று கேட்டேன், மடத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவருக்குக் கையில் சொந்தக் காசு கிடையாதே. தலைவியிடம் இரந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரரோடு சண்டை பிடித்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆரையம்பதித் தங்கச்சி, இந்தக் கொப்பியைக் காட்டி உங்கள் அக்காவின் மனத்தை ஆற்றலாம் என்று நான் சொல்ல வரவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லுக்குக் கொப்பியில் வெட்டிய தொகை பதிலாகாது. அக்காவின் பெயர் அதில் இருக்கிறதா என்று நான் தேடவும் இல்லை. அவருக்குப் பார்க்க விருப்பமென்றால் மட்டும் சொல்லுங்கள், எடுத்துவைக்கிறேன். மலரில் ஒரு வரி இப்படிப் போடப் போகிறேன், சம்மதமா பாருங்கள்: "அவருடைய வாய்க்குப் பயந்து தையலை விட்டவர்களும் உண்டு. அவர்களில் நன்றாகத் தைக்கக்கூடியவர்களும் இருந்தார்கள்." பெயர், ஊர் எதுவும் வராது.

படம் எடுக்க விடாத கதையும் வருகிறது. மெசின் கிடைக்காமல் போன பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்தே போடுகிறேன். குழுவோடு நேற்று ஒரு மணித்தியாலம் இழுபறி. கடைசியில் பாதரிடம் போனார்கள். பாதர் வாசித்துவிட்டு, சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் எழுத்துப்பிழையைத்தான் முதலில் பிடித்திருப்பார் என்றாராம். அதோடு குழு அடங்கிவிட்டது. அந்த எழுத்துப்பிழையெல்லாம் அண்ணன் பார்த்துத் தந்தால் நல்லது, நாளைக்கு உங்கள் இன்பொக்ஸுக்கு அனுப்புகிறேன்.

படுவான்கரைத் தம்பி, காசு வேண்டாம். சட்டை வரைபடமான கதையை மட்டும் உங்கள் சொல்லிலேயே அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள், தனியாகப் போடுகிறோம். மருதமுனை ராத்தா, அந்தத் தோள் கட்டிங் இன்னும் இருந்தால் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம், பென்சில் எழுத்துத் தெரிகிற மாதிரி. அச்சகக்காரர் வெள்ளிக்கிழமை காலை எல்லாம் கைக்கு வர வேண்டும் என்கிறார். பூசை சனிக்கிழமை மாலை 5 மணிக்கு. ராத்தா வருவதென்றால் பஸ்ஸை எங்கள் சந்தியில் நிறுத்தச் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.